கத்திப் பெரியப்பா

புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று ஒவ்வொரு உறவுக்காரரும் ஒவ்வொன்றைப் பார்ப்பார். ஒருவர் குழாயைத் திறந்து தண்ணீர் உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒருவர் வாசல் எந்தத் திசை என்று கேட்டு முகத்தைச் சுளிப்பார். வாடகை எவ்வளவு என்று கேட்டு "இந்த ஏரியாவுக்கா!" என்று நெஞ்சைப் பிடிப்பதற்கென்றே ஒரு சித்தி வருவாள். கத்திப் பெரியப்பா இவை எதிலும் தலையிடமாட்டார். செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைதான்.

இவர் இல்லாத குடும்பம் அநேகமாக இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சமைக்கத் தெரியாது. ஒரு கத்தரிக்காயை நறுக்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் கத்தி என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

மேடைமேல் கல்யாணத்துக்கு வந்த செட் இருக்கும். மரத் தாங்கியில் செருகிய ஆறு கத்தி, கூட ஒரு கத்தரிக்கோல்.

"ஏம்மா, இதுல எதை வெச்சு வெங்காயம் அரியறே?"

புதுப்பெண் ஒன்றைக் காட்டுவாள்.

"அப்ப மிச்சம் அஞ்சும் கொலுவுக்கா?"

அவர் கணக்கில் புதுக் குடித்தனத்துக்கு இரண்டு கத்தி போதும். ஏழெட்டு அங்குல அலகுள்ள பெரியது ஒன்று, பூண்டு உரிக்கவும் தோல் சீவவும் கைக்கு அடக்கமான சின்னது ஒன்று. பல் வைத்த ரொட்டிக் கத்தி? "உங்க தெருவுல வெட்டாத ரொட்டி எங்கம்மா விக்குது?" செட்டுக்குக் கொடுக்கிற பணத்தை ஒரே நல்ல கத்திக்குக் கொடு, அதற்கும் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது என்பார். சொல்வது சரிதான். எரிச்சலே அதுதான்: அவர் சொல்வது எல்லாமே சரியாக இருக்கும்.

வாங்கித் தருகிறேன் என்று மாப்பிள்ளையைப் பாத்திரக்கடைக்கு இழுத்துப் போவார். அங்கேதான் பெரியப்பா முழு உருவம் எடுப்பார். அலகை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார். முனையில் ஒளி மின்னினால் அந்த இடம் மழுங்கல் என்று கடைக்காரருக்கே பாடம் எடுப்பார். பிறகு கைப்பிடி. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா, ஆணி அசைகிறதா என்று திருகிப் பார்த்துவிட்டு, பிடியும் அலகும் சேருமிடத்தை ஒற்றை விரலில் தாங்கி எடை பார்ப்பார். அப்புறம் காற்றில் நாலு வீச்சு. குக்கர் பார்க்க வந்த குடும்பம் மெல்லப் பிளாஸ்டிக் பிரிவுக்கு நகரும்.

"அண்ணே, எதை எடுக்கப் போறீங்க?"

"இதுல கார்பன் எவ்வளவு?"

கடைக்காரர் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். பாவம், அதில் எங்கே இருக்கும்?

திரும்பி வருகிற ஆட்டோவில் சரித்திரம். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க ஒரு கலவை தேடப் போய், குரோமியம் கூடுதலாகச் சேர்த்த துருப்பிடிக்காத எஃகு வந்து நின்ற கதையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். "துப்பாக்கிக்குத் தேடினது, உங்க சாம்பார் வெங்காயத்துக்கு வந்து சேர்ந்துருக்கு பாருங்க மாப்பிள்ளை." சாதா இரும்புக் கத்தி இதைவிட நன்றாகக் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே போட்டால் கறுத்துப் போகும், ஈரத்தோடு விட்டால் துரு. துடைத்துத் துளி எண்ணெய் தடவி வைக்கிற பொறுமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏது என்று எவர்சில்வரே வாங்கித் தருவார்.

கத்தி வந்ததும் சட்டம் வரும். கருங்கல் மேடைமேல் வைத்து வெட்டக் கூடாது, கண்ணாடிப் பலகையும் ஆகாது, இரண்டும் முனையைத் தின்றுவிடும். மரப் பலகைதான், அதன் அடியில் வழுக்காமல் ஈரத் துணி. நறுக்கினதை வழித்துப் போடக் கத்தியின் முதுகு. சிங்க்கில் நுரைக்குள் கத்தியைப் போட்டு வைத்தால் பாத்திரம் தேய்க்கிறவர் விரல் போகும். இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் காலில் விழலாம்.

மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும் என்பது அவருடைய மூலமந்திரம். கூர் இல்லாவிட்டால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். நம்பாதவர்களுக்காகச் சட்டைப் பையில் ஒரு நோட்டீஸ் தயாராக இருக்கும். கத்தி அதைச் சர்ரென்று கிழிக்க வேண்டும். அடுத்த சோதனை தக்காளி. பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் இறங்கினால் பாஸ்.

அதே நோட்டீஸில்தான் சாணை பிடிக்கிற பாடமும் நடக்கும். சதுர மூலையை ஒரு மடிப்பு மடித்தால் நாற்பத்தைந்து பாகை, இன்னொரு மடிப்பில் இருபத்திரண்டரை. கல்லின்மேல் கத்தி ஏறக்குறைய அந்தச் சாய்வில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்து, மறுபக்கம் பிசிறு விரலில் தட்டினால் திருப்பிப் போடு. கல் இல்லையா? காபி குடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்ப்பார். அடியில் மெருகு பூசாத வளையம் இருக்கிறதே, அவசரத்துக்கு அதுவே கல். இது நிஜமாகவே வேலை செய்கிறது. கோப்பையில் பாதிக் காபி இருந்ததை அவர் கவனித்திருக்கலாம்.

தெருவில் சைக்கிளை மிதித்துச் சாணை பிடிக்கிறவர் வந்தால் பால்கனியிலிருந்தே, "அழுத்தாதேப்பா, சூடேறினா பதம் போயிடும்!" என்பார். சாணைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இத்தனை உலோகவியலும் கத்தியைக் கைமாற்றும்போது காணாமல் போகும். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். மேடைமேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கோம்மா" என்பார். இனாமாகத் தரக் கூடாது என்று ஒரு ரூபாயும் கேட்டு வாங்கிக்கொள்வார். வீட்டில் யாரிடமும் சில்லறை இருக்காது. ஜிபே செய்யட்டுமா என்று மாப்பிள்ளை கேட்க, அதற்குச் சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று கொஞ்ச நேரம் யோசிப்பார்.

அவர் வீட்டுச் சமையலறையில் கத்தி கிடையாது. பெரியம்மாவிடம் இருப்பது அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த அரிவாள்மனை. அதை எத்தனை பாகையில் தீட்டினார்கள் என்று கேட்க அவருக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை. விசேஷ நாளில் போனால், அதன்முன் சம்மணம் போட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். நம்மைப் பார்த்ததும், "இந்தத் துருவல் பல்லு இருக்கே..." என்று தொடங்குவார்.

"ஓடு வரைக்கும் துருவாதீங்க, கறுப்பா விழுது" என்பாள் பெரியம்மா, திரும்பிப் பார்க்காமலே.