எட்டடிக்காரரும் சாரிசார்டும்

1990-களின் நடுவில் மும்பையின் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அரைக்கால் சட்டையோடு திரிந்த எந்தத் தமிழ்ப் பையனிடமும், இன்றைக்கு அவன் வங்கி மேலாளராகவே இருக்கட்டும், 'ஜயன்ட் கொன்சாலஸ்' என்று சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் 'எட்டடி' என்பான். பதினேழாம் வாய்ப்பாடு மறந்துபோயிருக்கும், அந்த உயரம் மறந்திருக்காது.

கேபிள் டிவி வந்த புதிது. சாலில், அதாவது எங்கள் வரிசைக் குடித்தனக் கட்டடத்தில், ஏதாவது ஒரு வீட்டில்தான் இணைப்பு இருக்கும். மீதி வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அந்த வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு உள்ளே நெருக்கியடித்து உட்காருவோம். அங்கே பார்த்த டபிள்யூ.டபிள்யூ.எஃப் மல்லர்களை மறுநாள் உள்ளங்கையில் ஏந்த வழி செய்தவை ட்ரம்ப் கார்டுகள். சீட்டுக்கு ஒரு மல்லர். படத்துக்குக் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. கட்டைக் குலுக்கிச் சரிபாதியாகப் பிரித்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முறை வந்தவன் தன் மேல் சீட்டைப் பார்த்து 'வெயிட்!' என்று கூவ, எவன் எண் பெரிதோ அவன் இரண்டையும் எடுத்துத் தன் கட்டின் அடியில் செருகிக்கொள்வான்; அடுத்த முறையும் அவனுக்கே. ரேங்கில் மட்டும் சின்ன எண்ணுக்கு வெற்றி.

இந்தக் கொன்சாலஸ் அர்ஜென்டினாக்காரர்; கூடைப்பந்து ஆடி, 1988-இல் அமெரிக்காவின் அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்குத் தேர்வானவர்; 1993-இல் சில மாதங்களே அந்த மல்யுத்த மேடையில் நின்றார். நிஜ உயரம் எட்டடிக்குச் சில அங்குலம் குறைவு என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் கட்டிலோ அவர் எட்டடிதான்; உயரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, ஜெயித்த சண்டையில் அவரிடம் தோற்க ஆளில்லை. முறை உன்னுடையது என்றால் 'ஹைட்' என்று சொல்லி எதையும் அள்ளிவிடலாம். முறை அடுத்தவனுடையது என்றால், அவன் 'ஃபைட்ஸ் வொன்' என்று கேட்ட நொடியில் எட்டடியும் கைமாறிப் போகும்.

ஆகையால் ஆட்டமே அந்த ஒரு சீட்டைச் சுற்றித்தான். ஜெயித்த சீட்டுகளை எந்த வரிசையில் அடியில் செருகுவது என்பது ஜெயித்தவன் இஷ்டம் அல்லவா? கொன்சாலஸ் கைக்கு வந்ததும் அவருக்கு நேர் முன்னால் எல்லா அளவிலும் தேறுகிற ஒருவரை, முடிந்தால் அண்டர்டேக்கரை, வைத்துவிட வேண்டும். எதிராளி எதைக் கேட்டாலும் அண்டர்டேக்கர் அநேகமாகச் சமாளித்து முறையை நம் பக்கம் வாங்கித் தருவார். அடுத்த சீட்டு எட்டடி, 'ஹைட்!' இதையே எதிராளி செய்தால், அவன் கட்டில் எட்டடி எத்தனையாவதாகக் கிடக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, அது மேலே வரும் வேளையில் முறை நம்மிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள யோகோசூனாவுக்கும் இதே வித்தைதான், கூவும் சொல் மட்டும் மாறும்.

கட்டு ஒன்றுதான், ஆடுகிறவர்கள் சால் முழுக்க. அதனால் சீட்டுகளுக்கு முதுகிலும் முகம் வந்துவிடும்: நேந்திரங்காய் வறுவல் எண்ணெய் பட்டது பிரட் ஹார்ட், மேல் மூலை மடங்கியது கொன்சாலஸ். கவிழ்த்து வைத்தாலும் எல்லோருக்கும் தெரியும்; தெரியாததுபோல் ஆடுவதுதான் மரியாதை. மழைக்காலத்தில் ஒரு சீட்டு சாக்கடையோடு போய்விட்டது என்றால், சட்டைப் பெட்டி அட்டையை அதே அளவில் கத்தரித்து, நீல மையில் பெயரும் எண்களும் எழுதிச் செருகுவோம். மனப்பாடமாக ஒருவன் எண்களைச் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதுவான். 'ஏலே, பைசெப்ஸ் கூட்டி எழுதாதலே' என்று மூன்றாமவன் காவல் நிற்பான். அந்த அட்டை மல்லருக்கும் அச்சடித்த மல்லருக்கு உண்டான அதே மதிப்புதான்.

இப்போது செம்பூரில் அக்கா மகன் தரையில் போகிமான் சீட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறான். எட்டடிக்காரர் மேடையில் நின்ற அதே 1993-இல்தான் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித முனைவர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' வெளிவந்தது, வேண்டிய சீட்டுகளைச் சேர்த்து, தன் கட்டைத் தானே அமைத்து மோதும் ஆட்ட வகைக்கு அது வழி திறந்தது. 1996-இல் ஜப்பானில் போகிமான் சீட்டுகள் வந்தன. அதன் விதி: கட்டுக்கு 60 சீட்டு, அடிப்படை எனர்ஜிச் சீட்டு தவிர ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. அந்த அறுபதையும் அவன் ஒரே ஒரு சீட்டை மனதில் வைத்துத்தான் பொறுக்கியிருக்கிறான்: 2023-இல் வந்த சாரிசார்ட் எக்ஸ்.

அது குட்டி சார்மாண்டராக இறங்கி வளர வேண்டும்; நடுப்பருவத்தைத் தாண்டிக் குதிக்க ரேர் கேண்டி; வேண்டிய சீட்டைக் கட்டிலிருந்து முறைக்கு ஒன்றாகத் தேடி எடுத்துத் தரப் பிட்ஜியாட் எக்ஸ்; வளர்ந்த கணத்திலேயே மூன்று நெருப்பு எனர்ஜி வரை கட்டிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளும் சக்தி சாரிசார்டுக்கே உண்டு. எனக்கு வியப்பு தந்தது அதன் அடி. இயல்பாக 180, எதிராளி எடுத்த பரிசுச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 30 கூடும்.

"மாமா, நாம தோக்கத் தோக்கத்தான் அதுக்குப் பலம் ஏறும்" என்றான்.

எதிராளியின் போகிமானை வீழ்த்த வீழ்த்த எடுப்பதுதான் பரிசு. ஆளுக்கு ஆறு; ஆறையும் முதலில் எடுத்தவனுக்கு வெற்றி. ஐந்து போய்விட்டால் அடி 330. சாரிசார்டின் உயிரும் சரியாக 330. தோல்வியின் விளிம்பில் நிற்கிறவன், எதிரே நிற்கும் இன்னொரு சாரிசார்டையே ஒரே அடியில் வீழ்த்தலாம். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவன் கண்ணில் இருந்த ஒளியை நான் அறிவேன். அண்டர்டேக்கருக்குப் பின்னால் கொன்சாலஸைச் செருகியவனுக்கும் அதே ஒளிதான் இருந்தது.

கட்டைத் தானே அமைப்பது எங்களுக்குக் கிடைக்காத பெரிய சுதந்திரம். எங்களால் மல்லர்களை வரிசை மாற்ற மட்டுமே முடிந்தது. அவன் தன் படையையே படைக்கிறான், ஒரு சீட்டை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுப் பார்த்து ஏன் என்று காரணம் சொல்கிறான். வகுப்பறையில் இத்தனை ஆசையாக நிகழ்தகவு படித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் சீட்டுகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில், கீறல் படாமல் இருக்கின்றன. தொலைந்ததற்கு அட்டை வெட்டி எழுத வழியில்லை. கட்டு அவனுக்கு மட்டுமே சொந்தம், அதை எடுத்து ஆட இன்னொரு பையனுக்கு உரிமை இல்லை. விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் சாமர்த்தியம் வளர்ந்திருக்கிறது. விழுந்ததை வைத்து ஆடும் சாமர்த்தியத்துக்கு வேலை குறைந்திருக்கிறது. வாழ்க்கையில் இரண்டுமே வேண்டியிருக்கிறது.

அதனால் அவனிடமும் அவன் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன்: மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை கட்டுகளை மாற்றிக்கொண்டு ஆடுங்கள். உன் சாரிசார்டை நண்பன் கையில் கொடு, அவன் கட்டை நீ எடுத்துக்கொள். ஆறு பரிசையும் அதை வைத்தே வாங்கு. முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது, தன் கட்டை அடுத்தவன் ஆடும்போதுதான் அதன் ஓட்டை தெரிகிறது என்று அவர்களே சொல்கிறார்கள்.