கடிகாரத்தோடு மல்லுக்கட்டு

இங்கிலாந்துச் சைக்கிள் கிளப்புகளின் டைம் ட்ரையலுக்கு ஒளிவுமறைவு பிறவிக்குணம். கும்பலாகப் பந்தயம் விட்டால் போலீஸ் தொல்லை என்று 1895-இல் எஃப். டி. பிட்லேக் போன்றவர்கள் கண்ட வழி அது: ஆளைத் தனித்தனியாக அனுப்பு, கடிகாரத்தோடு மோதவிடு. உடம்பை மூடிய கறுப்பு உடை, அதிகாலை, ஊர்ப்பெயருக்குப் பதில் சங்கேதக் குறி. யாராவது கேட்டால் காற்று வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது போலீசுக்கே முன்கூட்டி எழுதிக் கொடுத்துத்தான் நடத்துகிறார்கள். சங்கேதக் குறி மட்டும் போகவில்லை; யாரிடமிருந்து மறைக்கிறார்களோ!

அமைப்பாளர் என்பவர் பெரும்பாலும் பொதுக்குழுவுக்கு வராமல் போன ஆசாமி. இல்லாதவர் தலையில் கட்டுவதுதானே ஜனநாயகம். ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், ரவுண்டானாவில் மழையில் நிற்க ஒரு தியாகி, கிராம மண்டபச் சாவி, கழிப்பறைக் காகிதம், ஊக்கு எல்லாம் அவர் பொறுப்பு. ஊக்கை அலட்சியம் செய்யக் கூடாது. காற்றை ஏமாற்ற ஆயிரக்கணக்கான பவுண்டில் கார்பன் சக்கரம் வாங்கியவர், முதுகில் குத்திய எண் தாள் படபடவென்று அடிக்க, நாலு ஊக்கை நம்பித்தான் கிளம்புகிறார்.

போக்குவரத்து குறைய வேண்டும் என்று அமைப்பாளர் சாமி கும்பிடுவார். போட்டியாளரோ லாரி வர வேண்டும் என்று வேண்டுவார். பக்கத்தில் லாரி கடந்தால் காற்று இழுத்துக்கொண்டு போகும், பத்து மைலில் சில விநாடி லாபம். சாமி பெரும்பாலும் போட்டியாளர் பக்கம்.

முடிந்ததும் டீ, கேக். தோற்றவர்களுக்கெல்லாம் எதிர்க்காற்று. சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் பாதையில், போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று.