தள்ளாதடா பேராண்டி!

வாய்யா பேராண்டி! பங்சார் கொண்டோவுல பதினேழாம் மாடியிலேருந்து கிள்ளானுக்கு ரம்பத்தோட வந்திருக்கியே, எவன் கழுத்துக்கு? ஓ, பொங்கலுக்கு வெறகு அறுக்கவா! போன மாசம் உங்க பங்சார் தெலாவியில வெறகடுப்பு பீசான்னு அம்பது வெள்ளி அழுதவனாச்சே நீ. அதே பொகையை உன் பாட்டி லயத்துல ஓசியிலயே குடிச்சா. பொகைக்கு அவ கண்ணு கலங்குச்சு, உனக்கு பில்லுக்குக் கலங்குச்சு.

நீ குடியிருக்கிற எடமே ஒரு காலத்துல பால்மரக் காடுடா. புங்சார் எஸ்டேட்டு. புங்கே, கிரிசார்னு ரெண்டு தொரைங்க பேரை ஒட்டுப்போட்டு வந்த பேருன்னு ஒரு கதை உண்டு. பேரு தொரைக்கு, முதுகுவலி நமக்கு. இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல பால் வத்துன மரத்தைச் சாய்ச்சுட்டு மறுநடவு பண்ணுவாங்க. சாஞ்ச மரத்துல ரப்பர் ஷீட்டு காயவைக்க ஸ்மோக்கவுசுக்குக் கொஞ்சம், நம்ம அடுப்புக்குக் கொஞ்சம். அந்தக் கட்டைதான் பின்னால மேசை நாக்காலியாகிக் கப்பல் ஏறுச்சு. வெறகுக்கும் நல்ல காலம் வருதுடா, உனக்கும் வரும்.

சரி, அந்தப் பக்கம் புடி, அறுப்போம். அடேய், என்ன மல்லுக்கட்டுறே? ரெண்டாள் ரம்பத்துக்கு ஒரே சட்டம்: உன் முறை வந்தா இழு, என் முறை வந்தா விட்டுக்குடு. தள்ளுனா தகடு நெளிஞ்சு துள்ளும். நானும் உன் பாட்டியும் இழுத்த ரம்பம் ஒருநாளும் நெளிஞ்சதில்ல. தள்ளுறதையெல்லாம் வீட்டுக்குள்ள பேச்சுல வச்சுக்குவோம்.

பல்லைப் பாரு. உன் பல்லை இல்லடா! ஒண்ணு இடம், ஒண்ணு வலம்னு சாஞ்சிருக்கா? தகட்டை விட அகலமா வழி விடுறது அந்தச் சாய்வுதான். அது தேஞ்சா ரம்பம் கட்டைக்குள்ளயே குடித்தனம் பண்ணிடும். பச்சைப் பால்மரம் பசை வேற விடும். மண்ணெண்ணெய்த் துணியால அப்பப்ப தொடை.

ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துட்டு நடுவுல அறுக்கிறியே, கட்டை தொங்கி ரம்பத்தைக் கவ்விக்குமே! முட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற முனையை அறு. நடுவுலதான் அறுக்கணும்னா, வெட்டுவாயில ஆப்பு வை. அதை ஆட்டிப்பாக்காதே. ஆப்பைப் புடுங்கின கொரங்கு கதை தெரியும்ல? உனக்கு வாலு இல்லைன்னு உங்கம்மா ஒருத்திதான் சொல்லிக்கிட்டுத் திரியறா.

மூணு துண்டுக்கே மூச்சு வாங்குதா? போட்டோ எடுத்தாச்சுல்ல, போதும் உக்காரு. இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இது பச்சைக் கட்டை. இந்தப் பொங்கலுக்குப் பொகையுமே தவிர எரியாது. இதைப் பொளந்து, மழை படாம, காத்து புகுற மாதிரி அடுக்கிவை, அடுத்த பொங்கலுக்குப் பாப்போம். பிரிக்பீல்ட்ஸ்ல பானை, கரும்பு வாங்கப் போவேல்ல? அங்கயே ஒரு கட்டு காஞ்ச வெறகு கெடைக்குமான்னு கேளு. போறதுக்கு முன்னாடி ரம்பத்தைத் தொடைச்சு எண்ணெய் தடவி மாட்டு. நம்மூரு மழைக்கு ஒரே வாரத்துல துரு ஏறிடும்.