வேலைக்கும் வேலைக்கும் நடுவே

சிங்கப்பூரில் ஒரு வேலை போய் இன்னொன்று வரும்வரை உள்ள காலத்தை ஓய்வு என்று சொல்வது நாகரிகமல்ல. 'திறன் மேம்பாடு' என்பதே வழக்கு. 25 வயதைத் தாண்டிய குடிமக்களின் கணக்கில் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 2016 முதல் காத்திருக்கிறது. 2024 மே மாதம், நாற்பதைத் தொட்டவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்ந்தது. பணமாக வராது, வகுப்பாகத்தான் வரும்.

பணமாக வருவது 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம்: தன் விருப்பமின்றி வேலையிழந்து, முன்பு மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மிகாமல் சம்பாதித்தவருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் அதிகபட்சம் 1,500, கடைசி மாதம் 750. விண்ணப்பம் போட்டால் புள்ளி, பயிற்சிக்குப் போனால் புள்ளி; புள்ளி சேர்ந்தால்தான் பணம். ஆக, வேலையில்லாமல் இருப்பதும் மாதாமாதம் கணக்குக் காட்டவேண்டிய வேலைதான். என்ன, இதில் சம்பளம் இறங்குமுகம்.

காலை பத்து மணிக்குத் தேக்கா நிலையத்தின் சாப்பாட்டுக் கடைகளில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் இந்த வகை. தே ஆறி ஆடை கட்டியிருக்கும். கைப்பேசியில் இணைய வகுப்பு ஓடும். முருங்கைக்காய்ப் பையோடு வரும் தெரிந்தவர் "இன்னைக்கு லீவா தம்பி?" என்றால், "கோர்ஸ் போயிட்டிருக்குண்ணே" என்ற பதில் தயார்.

ஞாயிறன்று சிராங்கூன் சாலையை நிரப்பும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. அவர்களது வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும். திறனை ஊருக்குப் போய் மேம்படுத்திக்கொள்ளலாம்.