ஓசி இன்டர்நெட்டின் வாரிசு

1995-இல் இன்டர்நெட் கனெக்‌ஷனில் இரண்டு ஜாதி இருந்தது. காசுள்ளவனுக்கு பிபிபி அக்கவுண்ட். நெட்ஸ்கேப்பில் படமெல்லாம் தெரியும். இல்லாதவனுக்கு ஷெல் அக்கவுண்ட். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் ‘ஸ்லர்ப்’ என்று ஒரு புரோகிராம் எழுதினார். அதை ஷெல்லில் ஓடவிட்டால் போதும், மலிவு அக்கவுண்ட் பணக்கார அக்கவுண்டாக வேஷம் கட்டிக்கொள்ளும். ரூட் பாஸ்வேர்டும் வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம். கனெக்‌ஷன் விற்றவர்கள் இதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தியதாகத் தகவல் இல்லை.

2003-இல் பிரான்சில் ஃபப்ரிஸ் பெல்லார், எஃப்எஃப்எம்பெக் எழுதிய அதே கையால், க்யூஎமுவை வெளியிட்டார். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பதற்கு நெட்வொர்க் வேண்டாமா? முறைப்படி போனால் டேப், பிரிட்ஜ், ரூட் அனுமதி, அதற்கு மேல் சிஸ்டம் அட்மினின் நல்ல மூடு. பெல்லார் அந்தப் பக்கமே போகாமல் பழைய ஸ்லர்ப்பைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

உள்ளே நடப்பது அப்பட்டமான மோசடி. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், அதாவது கெஸ்ட், கண்விழித்து முகவரி கேட்கும். “நீ 10.0.2.15” என்று ஒரு குரல். கேட்வே 10.0.2.2, டிஎன்எஸ் 10.0.2.3 என்று இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள். மூவரும் ஒரே ஆள், ஸ்லர்ப்! கெஸ்ட் அனுப்பும் டிசிபி பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, பிரவுசர் செய்வதுபோலத் தானே ஒரு சாதாரண சாக்கெட்டைத் திறந்து வெளியே பேசும். ஆனால் பிங் போக அந்தக் காலத்தில் ரூட் வேண்டும். அதனால் வெப்சைட் திறக்கும், பிங் மட்டும் செத்துக் கிடக்கும். 10.0.2.2-ஐ பிங் செய்தால் மட்டும் உடனே பதில் வரும். வராமல் என்ன, பதில் சொல்வதும் அதே ஆசாமிதானே! இது தெரியாமல் ஃபயர்வாலை நோண்டியே விடிய வைத்த புண்ணியவான்கள் உண்டு.

துணிந்து பிரிட்ஜுக்குப் போனவர்களுக்கு வேறு கண்டம். மேக் அட்ரஸ் நாமாகக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் 52:54:00:12:34:56 என்றே க்யூஎமு பச்சை குத்தி அனுப்பும். இரண்டை ஒரே பிரிட்ஜில் விட்டால் யாருக்கு வந்த பாக்கெட் என்று அடிதடி.

கெஸ்ட்டுக்குக் காட்டும் நெட்வொர்க் கார்டு விஷயத்திலும் பொய்தான்: முதலில் மலிவான என்இ2000, அப்புறம் ரியல்டெக், அப்புறம் இன்டெல். 2007-இல் ரஸ்டி ரஸ்ஸல் விர்ட்டியோவோடு வந்தார். கெஸ்ட்டிடம் உண்மையைச் சொல்லியே வேலை வாங்கலாம் என்றார், வேகம் எகிறியது.

ஸ்லர்ப் மட்டும் அசையவில்லை. விர்ச்சுவல்பாக்ஸும் அதையே தத்தெடுத்தது. அங்கேயும் அதே 10.0.2.15. கடைசியில் 2022 டிசம்பரில், 7.2 பதிப்பில், க்யூஎமு தன் மூட்டையிலிருந்து ஸ்லர்ப்பை இறக்கிவிட்டது: வேண்டுமானால் லிப்ஸ்லர்ப்பைத் தனியாகப் போட்டுக்கொள். சொந்தமாகக் கம்பைல் செய்கிறவர்களில் பலர் அன்றுதான், நெட்வொர்க் வராமல், அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.