அரை டிக்கெட்

1976-இல் எனக்கு இரண்டு வயது. கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டேஷனுக்கு ஒரு வயது, மலைக்கு ஒரு வயது.

போடியிலிருந்து மதுரைக்கு 90 கிலோமீட்டர், மீட்டர்கேஜ் பாதை. பன்னிரண்டு முடியும்வரை அரை டிக்கெட். எனக்கு முடிந்து வெகுநாளாகியும் அம்மா கவுண்டர் முன்னால் என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "பதினொண்ணு சார். ஆளு பாக்கத்தான் பெருசு" என்பாள். உள்ளே இருப்பவர் எட்டி என் முகத்தைப் பார்ப்பார். அரும்பு மீசையை உதட்டை மடித்து மறைப்பேன். "ரெண்டு வருசமா பதினொண்ணாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அரை டிக்கெட்டைத் தள்ளுவார்.

சனிக்கிழமை பதினொண்ணு என்றால் மறுநாளே பதினாலு. காயெடுப்புக் காலத்தில் விடியுமுன் ஜீப்பில் அடைந்து, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினால் ஏலத்தோட்டம். "பதினாலு முடிஞ்சிருச்சுண்ணே, முழு ஆளு" என்று அம்மா சத்தியம் செய்வாள். கங்காணியும் முகத்தைத்தான் பார்ப்பார். கொடுப்பது அரைக் கூலி. ஏலக்காய் கிளையில் தொங்காது. தூரடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். குனிந்தே கிடக்க வேண்டும். சீக்கிரம் வளர வேண்டும் என்று தவித்த எனக்கு, வளர்ந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தும் புத்தி வரவில்லை.

மற்ற நாளெல்லாம் அம்மாவுக்கு ஊருக்குள் குடோனில் வேலை. சல்லடையில் ஆட்டினால் 8 மில்லிக் காய் மேலே நிற்கும், பொடிசு கீழே விழும். மேலே நின்றதைச் சொளகில் பரப்பி, வெடித்தது, வெளுத்தது என்று விரல் தானே பொறுக்கும். கண் என்மேல் இருக்கும். இரவில் அவள் பிசைந்து தரும் ரசஞ்சோறு பாயசம்போல மணக்கும். அன்றைக்கு அது எனக்குப் பிடிக்காது. வீட்டில் ஒரு ஏலக்காய்கூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது முதல்முறையாக நானே போய் முழு டிக்கெட் கேட்டேன். உள்ளே இருந்தவர் நிமிரவேயில்லை. காசை எண்ணினார், அட்டையைத் தள்ளினார். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று இருந்தது. அவர் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இப்போது காயைப் பிரிக்க மெஷின் வந்துவிட்டது. ஏலத்தை ஏலம் விடுவதும் கம்ப்யூட்டரில்தான். கூச்சல் இல்லை, பொத்தான்தான். மீட்டர்கேஜ் ரயில் 2010-ஓடு நின்றது. தண்டவாளம் அகலமாகி ரயில் திரும்பிவர 2023 ஜூன் 15 ஆயிற்று. இப்போது சென்னைக்கே வாரம் மூன்று நாள் நேர் ரயில்.

போன மாதம் அதற்கு அம்மாவோடு டிக்கெட் எடுக்கப் போனேன். படிவத்தில் வயது என்ற கட்டத்தில் பேனாவை வைத்ததும் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கெழவிக்கு அரை டிக்கெட்டுதானடா?"

"அந்தச் சலுகையெல்லாம் 2020 மார்ச்சோட போச்சும்மா. எனக்கும் இல்ல."

அம்மா என் நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவுண்டரைப் பார்த்தாள்.

"எதுக்கும் பதினொண்ணுன்னு சொல்லிப் பாரேன்."