நிலையையே பேத்தவன் துட்டை விட்டுட்டா போவான்?

வாலே பேராண்டி. காதுல என்ன, ரெண்டு சிரட்டையைக் கவுத்தாப்புல? ஓ, அது ஹெட்போனா! சரி சரி. முட்டுக்கு மெத்தை, பத்துப் பை வச்ச கால்சட்டை, கையில நீளக் கோலு, கோல் நுனியில வட்டத் தட்டு. மெட்டல் டிடெக்டராம். ஊரு கலைஞ்சுபோன நத்தத்துல, இடிஞ்ச வீட்டு மனையில, ராசா காலத்துக் காசு தேடப் போறியாக்கும். போ, யாரு வேண்டாம்னா? ஒண்ணு மட்டும் கேக்கேன்.

அந்த ஊரு ஏன் கலைஞ்சுது? மழை பொய்ச்சுது, கெணறு வத்துச்சு, சனம் வண்டி கட்டிக் கெளம்பிருச்சு. வெறுங்கையோடயா போச்சு? உத்தரக் கட்டையை எறக்குனான். கதவைக் கழத்துனான். வாசல் நிலையைப் பேத்தான். நிலை வைக்கயில நவதானியத்தோட அடியில போட்ட காலணாவையும் தடவி எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டான். அம்மியை விட்டுட்டுப் போயிருந்தாம்னா அது கனத்துக்குப் பயந்து. காசு என்னலே கனம்? இம்புட்டுக் கணக்குப் பாத்த சனம், நீ வருவேன்னு ஒரு பானை பவுனைப் பொதைச்சு வச்சிட்டுப் போச்சாக்கும்?

அப்ப மிஞ்சுனது என்ன? கைதவறி விழுந்தது மட்டுந்தான். அது எங்க விழும்? வீட்டு நடுவுல போயி நிக்காத. அங்க விழுந்ததை மறுநாளே வாரியல் கூட்டிக்கிட்டுப் போயிரும். எங்க போகும்? குப்பைக் குழிக்கு. குழியில இருந்து? எருவோட வண்டியேறிப் புஞ்சைக்கு. வீட்டுல தொலைஞ்ச துட்டு காட்டுல கெடக்கும், நீ இங்கன குட்டிச்சுவரைச் சுத்தி மிஷினைக் கூவ விட்டுக்கிட்டிரு. இல்லையா, தாயம் வெளையாடுன திண்ணையடியைப் பாரு. கெணத்தடித் துவைக்கல்லைப் பாரு. வளையல்காரன் கடை விரிச்ச புளியமரத்தடியைப் பாரு. மடி அவுந்த எடந்தானலே காசு விழுந்த எடம்?

உன் மிஷினு கூவுனதும் துள்ளிக் குதிக்காத. எங்க காலத்துல மாட்டுக்கு லாடம் கட்டுவாக. ஊரெல்லாம் லாட ஆணிதான். இரும்புன்னா சத்தம் போடாதபடி மிஷினைத் திருகி வைக்கலாமாம், கெட்டிக்காரத்தனந்தான். அப்பவும் சோடா மூடி கூவும், மாத்திரை அட்டை கூவும், பாக்குப் பொட்டணம் கூவும். அந்த ஈயத்தாள் சனியனும் வேண்டாம்னு திருகுனியோ, மூக்குத்தியும் போச்சு. மெல்லிசான தங்கமும் ஈயத்தாளும் மிஷினு காதுக்கு ஒரே கொரலு. இதுல ஒத்தக் காசுன்னா ஒரு சாண் ஆழத்துக்குத்தான் அதுக்குத் தெரியும். இரும்புத்தூசி கலந்த செம்மண்ணுல அதுவும் ஒளறும்.

கெடச்சாலும் என்ன கெடைக்கும்? நடுவுல ஓட்டை போட்ட காலணா. சண்டைக் காலத்துல செம்புக்குத் தட்டுப்பாடு, 1943-ல இருந்து 1947 வரைக்கும் அப்படித்தான் அடிச்சான். பிள்ளைக அரைஞாண்ல கோத்துக் கட்டுவாக. அதை வச்சுக்கிட்டுக் கோடீஸ்வரன் ஆயிரலாம்னு போன்ல ஒருத்தன் சொன்னானா? மொதல்ல கமிஷன் கட்டுன்னும் சொல்லியிருப்பானே? ரிசர்வ் வங்கி 2021-லயே எச்சரிச்சாச்சுலே, அந்த ஆளுககிட்ட ஏமாறாதன்னு.

நெசமாவே பொதையல் ஆப்புட்டா? அதுக்கு 1878-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் உசுரோட இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும். பத்து ரூபாய்! இப்ப ஒரு டீக்குக் காணாது. உரிமைக்காரன் யாரும் வரலைன்னா எடுத்தவனுக்கு முக்கால் பங்கு, எடத்துக்காரனுக்குக் கால் பங்கு. சர்க்காரே வேணும்னாலும் விலை குடுத்து எடுத்துக்கிடலாம். மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில். அப்பறம் ஆதிச்சநல்லூரு மாதிரி தொல்லியல்காரன் பலகை நட்ட எடத்துப் பக்கம் கோலைக் கொண்டு போயிராத.

பெரிய பொதையல் எல்லாம் ஹெட்போன் மாட்டுனவனுக்கா கெடைச்சுது? திருவானைக்காவல் கோயில்ல 2020-ல மண்ணைத் தோண்டயில, ஏழடியில பித்தளைச் சொம்பு. உள்ள 505 தங்கக் காசு, எடை 1.716 கிலோ. எடுத்துக் குடுத்தது கடப்பாரை.

உன் மிஷினையும் ஒரேயடியா வையக் கூடாது. இங்கிலாந்துல ஹாக்ஸ்னுன்னு ஒரு ஊரு. 1992-ல ஒரு சம்சாரி காட்டுல சுத்தியலைத் தொலைச்சிட்டான். கூட்டாளி எரிக் லாஸ் டிடெக்டரோட தேடப் போனான். ஆப்புட்டது ரோமாபுரிக் காசு. எண்ணிப் பாத்தா 14,865! அந்த மனுசன் செஞ்சதுதாம்லே காரியம். ஆசையில எல்லாத்தையும் நோண்டாம, நிறுத்திட்டுப் போயிச் சொல்லிட்டான். படிச்சவுக வந்து எது எதுக்குப் பக்கத்துல கெடந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டு பதமா எடுத்தாக. சன்மானம் பதினேழரை லட்சம் பவுண்டு, சம்சாரிக்கும் பங்கு. சுத்தியலும் ஆப்புட்டுச்சு. அது இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல குந்தியிருக்கு.

அதனால நீயும் சுத்தியல் மாதிரி ஒண்ணுல ஆரம்பி. உங்க ஆச்சி கம்மல் திருகாணி நேத்து தொழுவத்துல விழுந்திருச்சு, காலையில இருந்து என் தலையை உருட்டுதா. கோலை எடுத்துக்கிட்டு வா. கலெக்டருக்கு எழுத வேண்டாம். முக்கால் பங்குன்னு மட்டும் வாயைத் தொறந்திராத, அவ கையில அகப்பை இருக்கு.